நூலகத்தைப் பூட்டிக்கொண்டு வருகிறவள்

டிசம்பர் கடைசி வாரம் கல்லூரிக்கு விடுமுறை. விடைத்தாள் கட்டுகளைத் திருத்தி ஒப்படைத்துவிட்டு வந்து, ஒவ்வோர் ஆண்டும் அதே நான்கைந்து கிறிஸ்துமஸ் படங்களைப் போட்டுப் பார்ப்பேன். நான் கிறிஸ்தவப் பெண் அல்ல. பனி பொழிவதை நேரில் கண்டதும் இல்லை. குடும்பமே கூடத்தில் நின்று பாடுவதோடு முடிகிற இந்தக் கதைகளில், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்ட உனக்கு என்னடி கிடைக்கிறது என்று தோழிகள் கேலி பேசுவார்கள். அழுவதற்குத்தான் பார்க்கிறேன் என்பேன். அது பாதி உண்மை. மீதியை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

ஃபிராங்க் காப்ரா இயக்கி 1946இல் வந்த ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ வெளியானபோது பெரிதாக ஓடவில்லை. 1974இல் அதன் பதிப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். காசில்லாமல் கிடைக்கிற படம் என்பதால் அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்கள் டிசம்பர்தோறும் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. அப்படித்தான் அது ஒரு நாட்டின் பண்டிகைப் படமாயிற்று. ஜார்ஜ் பெய்லி என்கிற நல்லவன் சிற்றூர் ஒன்றில் ஏழைகளுக்கு வீட்டுக்கடன் தரும் சங்கத்தை நடத்துகிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், வங்கியில் கட்ட எடுத்துப்போன 8,000 டாலரை அவன் சித்தப்பா பில்லி தொலைத்துவிடுகிறார். சிறைக்குப் போக நேரும் என்று பயந்து ஜார்ஜ் பாலத்திலிருந்து ஆற்றில் குதிக்கப் போகிறான். ஒரு தேவதூதர் வந்து தடுக்கிறார். ‘நீ பிறக்காமலே போயிருந்தால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும், பார்’ என்று காட்டுகிறார்.

அந்த ஊர் ஒரு நரகம். ஜார்ஜ் இல்லாததால் மருந்துக்கடைக்காரர் தவறுதலாக ஒரு குழந்தைக்கு விஷம் கொடுத்துச் சிறைக்குப் போயிருக்கிறார். சித்தப்பா பைத்தியக்கார விடுதியில். அம்மா பெற்ற மகனையே அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்துகிறாள். தம்பி ஒன்பது வயதில் பனிக்கட்டிக்குள் விழுந்து செத்துப்போனான். போரில் அவன் காப்பாற்றியிருக்க வேண்டிய வீரர்களும் செத்துப்போனார்கள். தம்பியின் கல்லறையைப் பார்த்த பிறகு ஜார்ஜ் கேட்கிறான், என் மனைவி மேரி எங்கே? தேவதூதர் தயங்குகிறார். சொன்னால் உனக்குப் பிடிக்காது என்கிறார். சாவுகளையெல்லாம் தயங்காமல் சொன்ன வாய் இங்கே தடுமாறுகிறது. அப்படி என்ன ஆகிவிட்டது மேரிக்கு?

கல்யாணம் ஆகவில்லை. நூலகத்தில் வேலை பார்க்கிறாள். கண்ணாடி போட்டிருக்கிறாள்.

இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாற்பது கடந்தவள், கண்ணாடிக்காரி, முனைவர் பட்டத்துக்காகப் பாதி இளமையை நூலகத்தில் கழித்தவள். படம் தன் கடைசி, உச்சமான பயங்கரமாக என் புகைப்படத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறது. வரிசையைக் கவனியுங்கள்: கல்லறைக்கு அப்புறம் நூலகம். தம்பியின் சாவைக்கூட மறுத்துக் கத்திக்கொண்டிருந்த ஜார்ஜ், மேரியைப் பார்த்த பிறகுதான் பாலத்துக்கு ஓடி, என்னைத் திரும்ப வாழவிடு என்று கெஞ்சுகிறான். அவளைச் சுட்ட தேவதூதர் சொல்லும் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் முதிர்கன்னி என்று ஒரு சொல் இருக்கிறது. ஒரு காலத்துப் புதுக்கவிதையில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நரைமுடியோடு நின்றாளே, அவள்தான். ஆண் கவிஞர்கள் அவளுக்காகப் பக்கம் பக்கமாக இரங்கினார்கள். அவளுக்கு வேலை உண்டா, சம்பளம் உண்டா, சிநேகிதிகள் உண்டா என்று எந்தக் கவிதையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

ஒரு முறை முதுகலை மாணவிகளுக்கு இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். நூலகக் காட்சி வந்ததும் ஒருத்தி கேட்டாள்: “அம்மா, அவங்களுக்கு அரசு வேலையா?” வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவள். பிறகு அவளே இன்னொன்றும் சொன்னாள்: அந்த அக்கா நிம்மதியாகக் கதவைப் பூட்டிக்கொண்டுதானே வந்தாள், இந்த ஆள் வந்து கையைப் பிடித்து இழுத்த பிறகுதானே அலறுகிறாள்? மறுபடி ஓட்டிப் பார்த்தோம். உண்மைதான். அந்தக் காட்சி முழுவதிலும் மேரிக்கு நாம் காணும்படி நேர்கிற ஒரே துன்பம் ஜார்ஜ்தான். முன்பின் தெரியாத ஒருவன் நடுத்தெருவில் மறித்து, நீ என் மனைவி, நம் பிள்ளைகள் எங்கே என்று பிடித்துக்கொள்கிறான். அவள் திமிறி ஓடி, மதுக்கூடத்துக்குள் நுழைந்து மயங்கி விழுகிறாள். பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு அது தோன்றவே இல்லை. அவன் அழுதால் நானும் கூடவே அழுதுகொண்டிருந்தேன்.

சரி, கல்யாணமான மேரி என்ன செய்கிறாள்? கல்யாணத்தன்று வங்கிகள் திவாலாகும் பீதியில் ஜனங்கள் சங்கத்தின் வாசலில் முண்டுகிறார்கள். தேனிலவுக்கு வைத்திருந்த 2,000 டாலரை உயர்த்திப் பிடித்து, எவ்வளவு வேண்டும் என்று முதலில் கேட்பவள் அவள்தான். அன்றிரவே ஒழுகும் பாழ்வீட்டில் இசைத்தட்டுப் பெட்டியோடு கம்பியை இணைத்துக் கோழியைச் சுழலவிட்டுச் சமைக்கிறாள். அந்த வீட்டுக்குத் தன் கையால் சுவர்த்தாள் ஒட்டுகிறாள். நான்கு பிள்ளைகள். போர்க்காலத்தில் படைவீரர்களுக்கான மையத்தை வேறு நடத்துகிறாள். அதைப் படம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போகிறது.

இறுதிக் காட்சியை எல்லோரும் அறிவார்கள். ஊரே வந்து மேசையில் பணத்தைக் கொட்டுகிறது, மணி ஒலிக்கிறது, தேவதூதருக்குச் சிறகு கிடைக்கிறது. அந்தப் பணம் எப்படி வந்தது? ஜார்ஜ் கத்திவிட்டு வெளியேறியதும் மேரி தொலைபேசியை எடுக்கிறாள். கேமரா ஜார்ஜின் பின்னால் மதுக்கூடத்துக்கும் பாலத்துக்கும் போய்விடுகிறது. அவன் மாற்றுலகில் அலைந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஒரு பெண் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கி, என் கணவன் இக்கட்டில் இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். அதில் ஒரு காட்சிகூட நமக்கு இல்லை. பணத்தைக் கூடை நிறைய அள்ளிவரும் பில்லி சித்தப்பா, இதையெல்லாம் செய்தவள் மேரிதான் என்று மூச்சுவாங்கச் சொல்வதோடு சரி. தேவதூதர் ஒரு மனிதனின் மனத்தை மாற்றினார். கடனை அடைத்தவள் மேரி. சிறகு யாருக்கு என்பது உங்களுக்குத் தெரியும். திரைக்கதை எழுதியவர்களில் ஃபிரான்சஸ் குட்ரிச் என்கிற பெண்ணும் உண்டு. சித்தப்பாவின் அந்த ஒரு வரி அவருடையதாக இருக்கட்டும் என்பது என் ஆசை. ஆதாரம் ஏதும் இல்லை.

2003இல் வந்த ‘லவ் ஆக்சுவலி’யைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அலுவலகத்தில் கீழே வேலைசெய்யும் பெண்களை மேலதிகாரிகள் காதலிப்பதே காதல் என்று நம்புகிற படம். ஆனால் எம்மா தாம்சனின் அந்த ஓரிரு நிமிடங்களுக்காக அதையும் விடாமல் பார்க்கிறேன். கணவனின் கோட்டுப்பையில் தங்கச் சங்கிலியைப் பார்த்து மகிழ்ந்திருந்தவளுக்கு, பரிசைப் பிரித்தால் ஜோனி மிட்செலின் பாட்டுத் தட்டு. சங்கிலி வேறு யாருக்கோ. படுக்கையறைக்குப் போய்த் தனியாக நின்று அழுகிறாள். அழுதுகொண்டே குனிந்து மெத்தை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடுகிறாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளி நாடகத்துக்குப் பிள்ளைகளைக் கிளப்பப் போகிறாள். அந்த விரிப்பை நீவும் கை என் அம்மாவின் கை. எங்கள் வீட்டில் பொங்கல், தீபாவளி எல்லாமே அந்தக் கையால்தான் நடந்தன. அம்மா அழுதாளா என்று யாரும் எட்டிப் பார்த்ததில்லை, நானும்தான்.

எனக்கு மிகப் பிடித்தது என்றால் 1945இன் ‘கிறிஸ்துமஸ் இன் கனெக்டிகட்’. பார்பரா ஸ்டான்விக் பத்திரிகையில் சமையல், பண்ணைவீடு, கணவன், கைக்குழந்தை என்று எழுதிக் குவிக்கும் எலிசபெத் லேன். உண்மையில் நியூயார்க்கில் ஒரு சின்னக் குடியிருப்பில் தனியாக இருப்பவள். முட்டைகூட வேகவைக்கத் தெரியாது. குறிப்புகள் எல்லாம் உணவகம் நடத்தும் நண்பர் ஃபெலிக்ஸ் தருபவை. பத்திரிகை முதலாளி பண்டிகைக்கு விருந்தாளியாக வருகிறேன் என்றதும், வீடு, கணவன், குழந்தை எல்லாவற்றையும் இரவல் வாங்க வேண்டியிருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாமல் அவள் விழிக்க, விருந்துக்கு வந்த கடற்படை வீரன் லாவகமாகக் குளிப்பாட்டுகிறான். முடிவில் அவளுக்குச் சமைக்க வராது என்று தெரிந்தும் அவன் போய்விடவில்லை. இல்லத்தரசி என்பது எழுதி உருவாக்கப்பட்ட பாத்திரம் என்று கோட்பாட்டு நூல்களில் படிப்பதற்கு முன்பே இந்தப் படத்தில் பார்த்துவிட்டேன்.

இதிலும் ஓர் ஓரம் உண்டு. அந்த இரவல் குழந்தைகள் போர்த் தளவாடத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் அக்கம்பக்கத்துத் தாய்மார்களுடையவை. வேலை முடிந்து ஒருத்தி தன் குழந்தையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். அதைப் பார்த்த முதலாளி குழந்தை திருடு போகிறது என்று ஊரைக் கூட்டுகிறார். திரையரங்கில் சிரித்திருப்பார்கள், நானும் சிரிப்பேன். அவள் பெயர் என்ன, வீட்டுக்குப் போய் அந்தக் கிறிஸ்துமஸுக்கு என்ன சமைத்தாள் என்று தெரியவில்லை. பிள்ளையை இடுப்பில் இடுக்கியபடி வேகமாகப் போய்விடுகிறாள்.