ஏழு கோட்பாடுகளும் ஒரு ‘பரவாயில்ல’யும்

நம்மிடம் தமிழ் படித்த பிள்ளைகளில் சிலர் பல்கலைக்கழகத்தில் சமூகப் பணி படிக்கப் போகிறார்கள். அந்தப் பாடத்திட்டம் அவர்களை உண்மையான வேலைக்கு எந்த அளவுக்குத் தயார்ப்படுத்துகிறது? இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கு என்பதால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். சிங்கப்பூரில் இந்தப் படிப்பு 1952இலேயே, அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவிட்டது. சமூக சேவைக்கு நல்ல மனசு போதும்; சமூகப் பணிக்கு அதோடு பயிற்சியும் வேண்டும். அந்தப் பயிற்சியில் சில அருமையான கருவிகள் இருக்கின்றன. மூன்று தலைமுறை உறவுகளைக் குறியீடுகளால் வரையும் குடும்ப வரைபடம் ஒன்று. சந்திப்புப் பதிவு இன்னொன்று. நடந்த உரையாடலை மாணவர் நினைவிலிருந்து எழுதி, பக்கத்திலேயே தன் மனதில் ஓடியதையும் குறித்து, மேற்பார்வையாளரிடம் கொடுப்பார். நம் பயிற்றுப்பணிக் காலத்துச் சுயமதிப்பீடு ஞாபகம் வருதா?

அப்படியானால் குறை எங்கே? ஃபெலிக்ஸ் பீஸ்டெக் என்ற அமெரிக்கப் பாதிரியார், 1957இல் வெளியிட்ட நூலில் ஏழு கோட்பாடுகளை வகுத்தார். இத்துறை மாணவர்கள் இன்றும் படிக்கும் அடிப்படைகள் அவை. அவற்றுள் ஒன்று, உதவி பெறுபவரின் தன்முடிவு உரிமை. அதாவது, தன் வாழ்க்கை பற்றிய முடிவை அவரே எடுக்க வேண்டும். கட்டுரையில் இதை அழகாக விளக்கி மதிப்பெண் வாங்கிவிடலாம். களத்தில்?

வீவக வீட்டில் ஒரு பாட்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். “தாதிமை இல்லத்துக்குப் போக உங்களுக்கு விருப்பமா பாட்டி?” என்று கேட்டால், “புள்ளைங்க சொன்னா சரிதான்பா” என்கிறார். இது சம்மதமா, மனத்தாங்கலா, மகன் பக்கத்தில் நிற்பதால் வந்த பதிலா? “பரவாயில்ல” என்ற ஒரே சொல், தொனிக்கு ஏற்ப ‘சரி’ என்றும் ஆகும், ‘வேண்டாம்’ என்றும் ஆகும், ‘என்னை விட்டுடுங்க’ என்றும் ஆகும்.

பல்கலைக்கழகத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது. பாவனை நேர்காணலில் நடிப்பவர் சக மாணவர். கேட்ட கேள்விக்கு முழு வாக்கியத்தில் பதில் சொல்வார். பாட்டி அப்படிப் பேச மாட்டார். சந்திப்புப் பதிவும் ஆங்கிலத்தில் எழுதப்படும்போது, “புள்ளைங்க சொன்னா சரிதான்” என்பது ‘ஒப்புக்கொண்டார்’ என்று மாறிவிடும். மேற்பார்வையாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அந்தப் பிழையைப் பிடிக்க ஆளில்லை. நம் வகுப்பில் ஒரு சொல் தவறினால் அரை மதிப்பெண் போகும். இங்கே ஒரு மூதாட்டி தன் விருப்பமில்லாமலே வீட்டை விட்டுப் போக நேரலாம்.

“அதுக்குத்தான் களப்பயிற்சி இருக்கே” என்பீர்கள். உண்மைதான். அமெரிக்காவில் இளங்கலைக்குக் குறைந்தது 400 மணி நேரம் கட்டாயம். ஆனால் மணிக்கணக்கு மட்டும் போதாது. யாரோடு, எந்த மொழியில் பேசிப் பழகினார் என்பதும் கணக்கில் வர வேண்டும். மொழிபெயர்க்க வீட்டிலுள்ளவர்களைக் கேட்டாலும் சிக்கல்தான். முடிவில் சம்பந்தப்பட்ட மகனே அம்மாவின் குரலாகவும் ஆகிவிடுவார்.

பாடத்திட்டத்தை வகுப்பவர்களுக்கு என் கோரிக்கை இரண்டு. சந்திப்புப் பதிவில் உதவி பெறுபவர் சொன்ன முக்கிய வார்த்தைகளை அவர் மொழியிலேயே எழுதி, பக்கத்தில் பொருள் தரட்டும். ஒரு பாவனை நேர்காணலாவது தாய்மொழியில், வயதில் மூத்தவர் ஒருவரோடு நடக்கட்டும்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். வாய்மொழித் தேர்வுக்கு மாணவரைத் தயார்ப்படுத்தும்போது “உன் கருத்து என்ன?” என்றே கேட்டுக் கேட்டுப் பழக்குகிறோம். கருத்துச் சொல்லத் தெரிகிறது. காது கொடுத்துக் கேட்கத் தெரிகிறதா? அடுத்த வாரம் உயர்நிலை மூன்றில் இதைச் செய்து பாருங்கள். மாணவர்களை இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் “பரவாயில்ல” என்பதை ஏதாவது ஒரு தொனியில் சொல்லட்டும். மற்றவர் அறிவுரை எதுவும் சொல்லாமல், ஒரே ஒரு கேள்வி கேட்டு அதன் பொருளைக் கண்டுபிடிக்கட்டும். பத்து நிமிடம் போதும். நாளைக்கு அந்தப் பாட்டி முன்னால் உட்காரப் போகிறவர் அந்த வகுப்பிலேயே இருக்கலாம்.