மூலை சேராத போர்வை

நான் தைத்த முதல் ஒட்டுத்துணிப் போர்வையை விரித்தால் என் கண் போவது ஆறாவது வரிசைக்குத்தான். நான்கு சதுரங்கள் கூடும் இடத்தில் நான்கு மூலையும் ஒரு புள்ளியில் நிற்க வேண்டும். அங்கே இரண்டு மேலே ஏறியும் இரண்டு கீழே இறங்கியும் நிற்கின்றன. பத்துக்குப் பத்து, மொத்தம் 100 சதுரம். வெட்டியது ஆறரை அங்குலம், தைத்தபின் ஆறு. ஐந்தடிக்கு ஐந்தடி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

எங்கே போனது என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இந்த வேலையில் தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். அதற்கு மேல் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் 16-ல் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது இரண்டு துணியிலும் போகிறது. ஒரு தையலுக்கு அரைக்கால் அங்குலம். வரிசைக்கு ஒன்பது தையல். ஓர் அங்குலத்துக்கு மேல் போயே போச்சு. எல்லா வரிசையும் ஒன்றுபோலக் குறைந்திருந்தால்கூடப் பாதகமில்லை, போர்வை சிறுத்திருக்கும், அவ்வளவே. ஒரு வரிசையை நிதானமாகவும் அடுத்ததைக் கரண்ட் போவதற்குள் முடிக்கிற அவசரத்திலும் தைத்ததுதான் வினை.

சதுரமும் முக்கோணமுமாக அமையும் இந்தப் போர்வைக் கலையின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். கைப்பழக்கத்தால் பின்னால் வரவேண்டிய துல்லியத்தை, பழக்கமில்லாதவரிடம் முதல் நாளே கேட்கிறது. ரவிக்கையில் அரை அங்குலம் தவறினால் உள்தையலில் ஒளித்துவிடலாம். இதில் ஒளிக்க இடமில்லை. முக்கோணத்துக்குப் போனால் இன்னும் மோசம். தைத்தபின் 4 அங்குலம் வரவேண்டிய முக்கோணச் சதுரத்துக்கு, வெட்டும்போது 4 அங்குலத்தோடு முக்காலே அரைக்கால் சேர்க்க வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இருந்தாலும் மூலைவிட்டமாக வெட்டிய ஓரம் கிராஸ் துணி. இஸ்திரிப்பெட்டியை இழுத்துத் தேய்த்தால் அலையலையாக நெளிந்துவிடும்.

ஆனால் அந்தக் குறையிலேயே ஒரு நிறையும் இருக்கிறது. தப்பு எங்கே நடந்தது என்று விரல் வைத்துக் காட்டுகிற தையல் வேறு ஏது? பல வருஷம் ரவிக்கை தைத்தும் என் கை வலப்பக்கம் சாய்வதை நான் அறிந்ததில்லை. இந்த 100 சதுரம் காட்டிக்கொடுத்தது.

துணி வாங்கப் போன இடத்தில் தையற்கடை அண்ணன் கேட்டார்: "நல்ல துணிய வெட்டிக் கூறு போட்டுட்டு, பொறவு எதுக்கு ஒட்டுப் போடுதிய?" நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பழைய பதில் உண்டு. மகத நாட்டு வயல்களைச் சீடர் ஆனந்தருக்குக் காட்டி, துறவிகளின் உடையான சீவரத்தை அந்த வரப்பும் பாத்தியும்போல வெட்டித் தைக்கச் சொன்னார் புத்தர் என்கிறது விநய பிடகம். வெட்டிய துணிக்கு ஆசைப்பட்டு யாரும் கைவைக்க மாட்டார்கள் என்பது ஒரு காரணம். கடையில் பாப்ளின் மீட்டர் கணக்கில் வாங்கி வெட்டிய நான் எதைத் துறந்தேன்? மிச்சத் துணிக்காகப் பிறந்த கலைக்கு முழுத் துணியைக் காவு கொடுத்ததுதான் மிச்சம்.

எங்கள் ஆச்சி பழைய வேட்டி இரண்டை மடித்து, மேலே நைந்த சேலையைப் போட்டு, நெடுக ஓட்டுத்தையல் ஓட்டிப் பிள்ளை விரிப்பு தைப்பாள். அதில் வடிவம் கிடையாது. ஆனால் ஒரே வெயிலில் காய்ந்துவிடும். நாஞ்சில் நாட்டில் இதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் நமக்கு உண்டு. நடுவில் பஞ்சு வைத்த போர்வையை ஆடிச் சாரலில் துவைத்துப் பாருங்கள், காய்வதற்குள் கரும்பன் அடித்துவிடும். குளிர்நாட்டுக்கு ஏற்ற கனத்தை அப்படியே இங்கே எடுத்துக்கொண்டது தவறு. வடிவத்தை எடுத்துக்கொள்வதில் தவறில்லை.

சொல்லப்போனால் நாகர்கோவிலுக்கு இந்த அளவுக் கணக்கு பழகியதுதான். 1820-களில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் இங்குள்ள பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின்மேல் துளையிட்ட மாதிரித் தாளை வைத்து, துளைதோறும் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னும் வேலை. அளவைத் தாள் வைத்துக்கொள்கிறது, கை பின்னினால் போதும். போர்வையிலும் இதே வழி உண்டு. அறுகோணமாக வெட்டிய காகிதத்தின்மேல் துணியை மடித்துத் தொங்கல் தையல் போட்டு, ஓரத்தோடு ஓரம் கையால் தைத்துச் சேர்த்து, கடைசியில் காகிதத்தை உருவிவிடுவது. மெஷின் வேண்டாம், மூலை தவறாது. என்ன, பொறுமை வேண்டும். ஒரு தலையணை உறை அளவு முடிவதற்குள் எனக்கு ஒரு மழைக்காலம் போய்விட்டது.

காகிதமும் அளவுகோலும் இல்லாத வழி ஒன்றும் இருக்கிறது. வட கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, கிடைத்த துண்டுகளை ஓரம் மடித்து ஒன்றன்மேல் ஒன்று ஏறவைத்து, சுற்றிச்சுற்றி நடுவை நோக்கித் தைத்துப் போகிறார்கள். ஒட்டுவதும் பல அடுக்கைச் சேர்ப்பதும் ஒரே ஓட்டுத்தையலில் முடிகிறது. நான்கு மூலையிலும் மடித்த சிறு துணியை வைத்துத் தைக்கிறார்கள், அதற்குப் பெயர் பூலா, பூ. அதிலும் சதுரமும் செவ்வகமும்தான். ஆனால் ஒரு துண்டு கோணினால் அடுத்த துண்டு அதை ஏந்திக்கொள்கிறது. கற்றுக்கொள்பவருக்கு இந்த வடிவ ஒழுங்கே உகந்தது என்பேன். மூலைக்கு மூலை பொருந்தும் ஒழுங்கு அழகுதான், அதற்கு இரண்டாம் போர்வை வரை காத்திருக்கலாம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் வார்த்தை இது. வீட்டில் நைந்த சாரம், முண்டு, பருத்திச் சேலையை எடுங்கள். டெட்ரான் கலந்ததை ஒதுக்குங்கள், இரண்டும் ஒரே அளவில் சுருங்காது. வெட்டுமுன் எல்லாவற்றையும் ஒரு தடவை நனைத்துக் காயப் போடுங்கள், சிவப்பைத் தனியாக. நடுவில் பஞ்சு வேண்டாம், பழைய வேட்டி போதும். முதல் போர்வையில் முக்கோணம் வேண்டவே வேண்டாம்.