கபிலரின் ஈசல்

ஐப்பசி மழை ஓய்ந்த மாலையில் முத்துப்பேட்டைத் தெருவிளக்குகளை ஈசல்கள் மொய்க்கின்றன. நாம் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்துகிறோம். விடிந்ததும் உதிர்ந்த இறகுகளைக் கூட்டித் தள்ளுகிறோம். இச்சிற்றுயிரைத்தான் கபிலர் தம் பெருந்துயரின் நடுவே வைத்துப் பாடினார்.

புறநானூற்றின் 119ஆம் பாடல், பாரி மாய்ந்தபின் அவனது பறம்பு நாட்டை நினைந்து பாடியது. மழை பெய்த இனிய காலம்; காடு பூத்திருக்கிறது; செம்புற்றில் பிடித்த ஈசலை மோரில் இட்டுப் புளிப்புணவு சமைக்கிறார்கள்; தினையும் விளைந்திருக்கிறது. இந்நாடு அழிந்துவிடுமோ என ஏங்குகிறார் புலவர். வள்ளலின் நாட்டைப் புகழ வந்தவர் பொன்னையும் மணியையும் அடுக்கவில்லை. ஓர் அடுப்பைக் காட்டுகிறார்.

ஈசல் உணவை வறுமையின் அடையாளமாகக் கொள்வோர் உண்டு. அது பொருந்தாது. ஈசலும் தினையும் இப்பாடலில் நாட்டின் வளமாகவே வருகின்றன. ஈசலை வறுத்துப் பொரியரிசியோடு உண்ணும் வழக்கம் நம் சிற்றூர்களில் இன்றும் அற்றுப்போகவில்லை. உலகில் 200 கோடி மக்களேனும் பூச்சிகளை உண்கின்றனர் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் 2013ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது.

விவிலியத்தையும் நாம் இப்படித்தான் வாசிக்கிறோம். திருமுழுக்கு யோவான் உண்ட வெட்டுக்கிளியை (மாற்கு 1:6) கடுந்தவத்தின் அடையாளமாக மட்டுமே கொள்கிறோம். ஆனால் வெட்டுக்கிளி, திருச்சட்டம் உண்ணலாம் என்று அனுமதித்த உணவு (லேவியர் 11:22). பாலைநிலம் தந்ததை அவர் உண்டார்.

இன்றைய ஒளிப்படக் கலை தட்டானின் கண்ணைக்கூட உள்ளங்கையளவு பெரிதாக்கிக் காட்டுகிறது. கபிலர் கண்டிராத அழகு அது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அத்தகைய படங்கள் பலவற்றில் பின்புலம் மங்கிக் கரைந்துவிடுகிறது. பூச்சி மட்டும் தனித்து நிற்கிறது. கபிலரின் சித்திரத்திலோ புற்றும் மழையும் அடுப்பும் உண்போரும் ஒன்றாய் இருக்கின்றன. அதுவே முழுமையான கலை.

மங்கிய அந்தப் பின்புலத்தில்தான் நம் நெல்வயல் இருக்கிறது. பயிரைத் தின்னும் பூச்சிக்குத் தெளிக்கும் மருந்து, அப்பூச்சியைத் தின்று பயிரைக் காக்கும் தட்டானையும் கொல்கிறது. தட்டானின் படத்தை வியந்து பார்த்துவிட்டு, வயலில் அதற்கு நஞ்சிடுகிறோம். இந்நாடு அழிந்துவிடுமோ என்ற கபிலரின் ஏக்கம் பறம்பு மலைக்கு மட்டும் உரியதன்று. காவிரியின் கடைமடையில் வாழும் நமக்கும் உரியது.