மேடையில் விடுபட்டவை

ஒவ்வொரு மார்ச் மாதமும் எங்கள் கல்லூரியில் ஒரு கூட்டம் நடக்கும். மகளிர் தினத்தை ஒட்டி மூன்று நான்கு பெண்களை அழைத்து, அவர்கள் கடந்து வந்த பாதையைப் பற்றிப் பேசச் சொல்வோம். ஒருவர் சொந்தமாகத் தொழில் நடத்துபவராக இருப்பார், ஒருவர் அரசு அதிகாரி, ஒருவர் கடும் நோயிலிருந்து மீண்டவர். அந்தக் கூட்டத்தை ஏற்பாடு செய்யும் குழுவில் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக இருந்திருக்கிறேன். ஒருமுறை பேச வரவேண்டியவர் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போனதால் என்னையே மேடையேற்றிவிட்டார்கள். திருமணத்துக்குப் பிறகு முனைவர் பட்டம் முடித்த கதையைச் சொன்னேன். கைக்குழந்தை, ஊர் அடங்கிய பிறகு படிப்பு, விடாமுயற்சி. மாணவிகள் நன்றாகவே கைதட்டினார்கள்.

பேருந்தில் வீடு திரும்பும்போதுதான் எதைச் சொல்லாமல் விட்டேன் என்று உறைத்தது. அந்த ஐந்து ஆண்டுகளும் என் குழந்தையைப் பார்த்துக்கொண்டது என் அக்கா. எங்கள் ஊரில் தையல்கடை வைத்திருந்தவள், அதை மூடிவிட்டு என் வீட்டுக்கு வந்தாள். அவள் திரும்பிப் போனபோது வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் பழகியிருந்தார்கள். இன்னொன்று, ஆய்வேடு எழுதிய கடைசி ஆண்டில் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டையும் சொல்லக் கூடாது என்று யாரும் என்னைத் தடுக்கவில்லை. நானாகத் திட்டமிட்டு மறைக்கவும் இல்லை. அந்தப் பேச்சின் அமைப்புக்குள் அவற்றை வைக்க இடம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அமைப்பு நமக்கெல்லாம் மனப்பாடம். முதலில் ஒரு துன்பம். பிறகு ஒரு முடிவெடுக்கும் தருணம். அதன்பின் உழைப்பு, வெற்றி, கடைசியில் இளையவர்களுக்கு ஓர் அறிவுரை. வார இதழ்களின் சாதனைப் பெண்கள் பக்கத்திலும், தொலைக்காட்சி நேர்காணல்களிலும், தன்னம்பிக்கை நூல்களிலும் இதே வரிசையைத்தான் பார்க்கிறோம். இதை ஒரேயடியாகத் தள்ளிவிட நான் விரும்பவில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் ஒரு பெண், தன்னைப் போன்ற ஒருத்தி அதிகாரியாக எதிரில் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில் பலன் இருக்கிறது. அதை வகுப்பறையில் கண்ணால் கண்டிருக்கிறேன். என் கேள்வி வேறு. இந்த வரிசையில் ஓர் அனுபவத்தை அடுக்கும்போது எவையெல்லாம் உதிர்ந்துபோகின்றன? நான் வகுப்பில் திரும்பத் திரும்பப் படிக்கும் மூன்று பெண்களின் எழுத்தை வைத்து இதை யோசித்துப் பார்க்கிறேன்.

முதலில் பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வந்த இந்தத் தன்வரலாற்றில் எல்லோருக்கும் நினைவிருக்கும் காட்சி, மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி தெருவில் பார்ப்பது. தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தைக் கை படாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் மேல்சாதிக்காரரிடம் கொடுக்கிறார். சிறுமிக்கு முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு அண்ணன் அதன் பொருளைச் சொன்னதும் சிரிப்பு போய்விடுகிறது. அதே அண்ணன்தான், நன்றாகப் படித்து முன்னுக்கு வந்தால் மற்றவர்கள் தாமாகவே நம்மை மதித்து நெருங்கி வருவார்கள் என்று அவளுக்குச் சொல்கிறார்.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நம் மகளிர் தின மேடையில் பேசப்படும் அறிவுரை ‘கருக்கு’ நூலின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. அந்த அறிவுரையைச் சிறுமி அப்படியே பின்பற்றுகிறாள், வகுப்பில் முதலாவதாக வருகிறாள். மேடைக் கதையாக இருந்தால் இங்கிருந்து நேராக முடிவுக்குப் போயிருக்கலாம். பாமா செய்வது வேறு. படிப்பின் ஒவ்வொரு படியிலும் அந்த அறிவுரை எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று பார்த்துக்கொண்டே போகிறார். கல்லூரி விருந்துக்கு உடுத்திப் போக நல்ல சேலை இல்லாமல் குளியலறைக்குள் ஒளிந்துகொண்ட நாளை எழுதுகிறார். ஏழைப் பிள்ளைகளுக்காக வேலை செய்யலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியும் வசதி படைத்தோர் மீதான சாய்வும் இருப்பதைக் கண்டு, ஏழாண்டுகளுக்குப் பிறகு வெளியேறியதை எழுதுகிறார். புத்தகம் முடியும்போது அவர் கையில் வேலை இல்லை. இனி எப்படி வாழ்வது என்ற பயம் இருக்கிறது. படித்தால் போதும் என்று சொன்ன அண்ணனின் வாக்கு பொய் என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. படிப்பு எதுவரை கொண்டுவந்து விட்டது, எங்கே நின்றுவிட்டது என்பதை வாசகரே அளந்துகொள்ளும்படி விட்டுவிடுகிறார்.

தன் காயங்களை ஆற்றிக்கொள்ள எழுதிய நூல் இது என்று பாமா சொல்லியிருக்கிறார். பகிர்ந்தால் மனம் லேசாகும் என்ற நம் பொதுநம்பிக்கைக்கு இது சான்றுபோலத் தோன்றலாம். ஆனால் நூல் வெளிவந்தபோது சொந்த ஊரே அவர்மீது கோபப்பட்டது, சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாமல் இருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஒரு பெண் தன் அனுபவத்தைச் சொல்லும்போது அதில் அம்மா இருக்கிறாள், தெரு இருக்கிறது, சாதி சனம் இருக்கிறது. அவர்கள் எல்லோருடைய சம்மதத்தையும் கேட்டுவிட்டு யாராலும் எழுத முடியாது. எழுதிய பிறகு வரும் விலையை எழுதியவள்தான் கொடுக்க வேண்டியிருக்கிறது. ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று மாணவிகளிடம் ஒலிவாங்கியை நீட்டும் நாம் இந்த விலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

அடுத்து சல்மா. துவரங்குறிச்சியில் பருவமடைந்த வயதில் பள்ளிப் படிப்பு நின்றுபோனது, திருமணத்துக்குப் பிறகு கணவன் வீட்டில் குளியலறையில் நின்று ரகசியமாகக் கவிதை எழுதியது, எழுதிய தாள்களை அம்மா வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தது எல்லாம் இன்று பலருக்கும் தெரியும். ரொக்கையா என்ற பெண் சல்மா என்ற பெயருக்குள் மறைந்துகொண்டு எழுதினார். 2001இல் பொன்னம்பட்டிப் பேரூராட்சியின் தலைவரானார். பிறகு தமிழ்நாடு சமூக நல வாரியத் தலைவர், 2025இல் மாநிலங்களவை உறுப்பினர். நம் மேடைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது. குளியலறையிலிருந்து நாடாளுமன்றம் வரை என்று தலைப்பும் தயாராக இருக்கும்.

அந்தத் தலைப்புக்குள் ஒரு சட்டம் காணாமல் போகிறது. சல்மாவின் குடும்பம் அவரைத் தேர்தலில் நிறுத்தியதற்கு உடனடிக் காரணம், அந்த இடம் பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. கணவர் நிற்க நினைத்த இடத்தில் மனைவியை நிறுத்த வேண்டி வந்தது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73, 74ஆவது அரசியல் சட்டத் திருத்தங்கள் உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு உறுதி செய்தன. தமிழ்நாட்டில் 1996 உள்ளாட்சித் தேர்தலிலிருந்து அது செயலுக்கு வந்தது. 2016இல் 50 சதவீதமாக உயர்ந்தது. அந்த ஒதுக்கீடு இல்லையென்றால் சல்மாவின் துணிவு இல்லாமல் போயிருக்கும் என்று சொல்ல வரவில்லை. அது முன்பே கவிதைகளில் இருந்தது. ஆனால் வாசற்படியைத் தாண்டி ஓர் அலுவலக நாற்காலியில் போய் உட்கார அந்தத் துணிவுக்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது. ‘தன்னம்பிக்கை இருந்தால் போதும்’ என்று மேடையில் சொல்லும்போது அந்தச் சட்டத்தையும், அதற்காகப் போராடியவர்களையும் அழித்துவிடுகிறோம். எதிரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குக் கதவு திறக்கவில்லை என்றால், குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்ள அவளைப் பழக்குகிறோம்.

சல்மாவின் நாவல் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ இன்னொன்றைக் கற்றுத்தருகிறது. 2004இல் வந்த இந்த நாவலில் பெண்கள் ஓயாமல் பேசிக்கொள்கிறார்கள். அடுப்படியிலும் திண்ணையிலும் ஆண்கள் இல்லாத நேரங்களிலும் உடலைப் பற்றி, கணவன்மார்களைப் பற்றி, கிடைக்காத சுகத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் பேசுகிறார்கள். பெண்கள் தங்கள் அனுபவங்களைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் அவை நம் வீடுகளில் எப்போதும் இருந்திருக்கிறது. அதில் சிரிப்பும் ஆறுதலும் உண்டு. அதே வாய்தான் மறுநாள் ஒருத்தியின் நடத்தையை எடைபோடுகிறது, வாசலில் நிற்கும் பெண்ணை உள்ளே போகச் சொல்கிறது. மூச்சு விட இடம் தரும் கூட்டமே கண்காணிக்கும் கூட்டமாகவும் இருக்கிறது. பெண்கள் கூடிப் பேசினாலே விடுதலை என்று சொல்பவர்கள் இந்த நாவலை ஒருமுறை படித்துவிட்டு வரவேண்டும். யார் முன்னால் பேசுகிறோம், பேசியதை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

மூன்றாவது நூலை மேடைக்கு எடுத்துப்போகவே முடியாது. தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’. பரந்தனில் பிறந்த சிவகாமி 1991இல் மாணவியாக இருந்தபோது விடுதலைப் புலிகள் இயக்கத்தில் சேர்ந்து, பின்னாளில் அதன் மகளிர் அரசியல் துறைப் பொறுப்பாளராக இருந்தவர். 2009இல் போர் முடிந்த பிறகு சிறையிலும் புனர்வாழ்வு முகாமிலும் இருந்து 2013இல் வெளியே வந்தார். 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்தார். வயது 43. நூல் அடுத்த ஆண்டு வெளிவந்தது.

தலைமைப் பொறுப்பில் இருந்த ஒரு பெண் தன் தோல்வியை எழுதினால் எப்படி இருக்கும் என்பதற்குத் தமிழில் நமக்குக் கிடைத்த அரிய உதாரணம் இது. தான் நம்பியதை ஏன் நம்பினேன் என்று அவர் எழுதுகிறார். இறந்துபோன தோழிகளை நினைவில் கொண்டுவருகிறார். தலைமையின் முடிவுகளை விமர்சிக்கும்போது அந்த முடிவுகளை மக்களிடம் எடுத்துச் சொன்ன தன் பங்கையும் கூடவே வைக்கிறார். ஆயுதம் ஏந்திய பெண்ணுக்குக் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட விடுதலை குறித்தும் அவருக்கு ஐயங்கள் இருக்கின்றன. நூலைப் பலர் ஏற்கவில்லை. சில பகுதிகள் அவர் எழுதியவைதானா என்றே சர்ச்சை எழுந்தது. அந்த அரசியல் வாதங்களுக்குள் நான் இங்கே போகவில்லை. எனக்குப் படுவது இதுதான். ‘நான் தவறியிருக்கலாம்’ என்று சொல்லும் பெண் தலைவரைக் கேட்க நாம் பழகவில்லை. வீரமங்கையாக இருந்தால் ஒரு பக்கம் ஏற்றுக்கொள்கிறோம், பலியானவளாக இருந்தால் இன்னொரு பக்கம் ஏற்றுக்கொள்கிறோம். பொறுப்பில் இருந்தேன், தோற்றேன், அதைப் பற்றி யோசிக்கிறேன் என்று ஒருத்தி சொல்லும்போது அவளை எங்கே உட்காரவைப்பது என்று நமக்குத் தெரிவதில்லை. அதனாலேயே நம் மாணவிகள் தலைமை என்றால் தவறாத ஒன்று என்று நினைக்கிறார்கள். வகுப்புப் பிரதிநிதியாக நிற்கச் சொன்னால்கூட, ‘தப்பாயிடுச்சுன்னா என்ன மேடம் பண்றது’ என்று பின்வாங்குகிறார்கள்.

மூன்று நூல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, மேடைக் கதையில் உதிர்ந்தவை ஓரளவு தெளிவாகின்றன. பாமாவிடம், சொன்னதற்குக் கொடுத்த விலையும் இன்னும் ஆறாத பகுதியும். சல்மாவிடம், கதவைத் திறந்த சட்டமும் தாள்களைச் சுமந்துபோன அம்மாவும். தமிழினியிடம், தோல்வியும் அதற்கான பொறுப்பும். இவை எதுவும் படிப்பவரின் ஊக்கத்தைக் கெடுப்பதில்லை. ‘கருக்கு’ படித்துவிட்டு வரும் மாணவிகள் சோர்ந்து வருவதில்லை. தங்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் என்ற பரபரப்போடுதான் வருகிறார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தது உடைவதால் வரும் தெம்பு அது. வெற்றிபெற்ற ஒருத்தியை அண்ணாந்து பார்ப்பதில் அந்தத் தெம்பு கிடைப்பதில்லை.

கடந்த முறை எங்கள் கூட்டத்தில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். பேச வந்தவர்களிடம் முன்கூட்டியே மூன்று கேள்விகளைக் கொடுத்தோம். உங்களுக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்? எந்தச் சட்டம், எந்த உதவித்தொகை, எந்தச் சங்கம் உங்களுக்குக் கைகொடுத்தது? இன்னும் தீராமல் இருப்பது என்ன? மூன்றாவது கேள்விக்கு விருப்பம் இருந்தால் பதில் சொன்னால் போதும் என்றோம். ஒருவர் அதைத் தவிர்த்துவிட்டார். அதற்கும் அவருக்கு உரிமை இருக்கிறது. கூட்டம் வழக்கத்தைவிட நீண்டது, கைதட்டல் குறைவாகத்தான் இருந்தது. முடிந்த பிறகு மாணவிகள் நெடுநேரம் கலையாமல் நின்றிருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை எழுதும் முன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, கடையை மூடிவிட்டு வந்ததை எழுதப்போகிறேன் என்றேன். ‘எழுது. ஆனா நான் ஏதோ தியாகம் பண்ணிட்டேன்னு எழுதாத. அப்ப எனக்கே கடை சலிச்சுப் போயிருந்துச்சு. உன் பிள்ளையோட இருந்தது நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பி வந்தப்புறம்தான் கஷ்டம். அப்ப நீ ஒரு வார்த்தை கேட்கல, அதை வேணா எழுது’ என்றாள். எழுதிவிட்டேன்.