ஒத்து இல்லாத மேளம்

நாகஸ்வரப் பாணிகளைப் பற்றி மலருக்கு எழுதித் தரும்படி சங்கப் பெரியவர்கள் பணித்தார்கள். திருவாவடுதுறையாரின் ராகப் பெருக்கும், செம்பொன்னார்கோயிலாரின் ரக்தியும், காருகுறிச்சியாரின் குழைவும் நம் உறுப்பினர்கள் அறியாததல்ல. 1930இல் ‘பூர்வீக சங்கீத உண்மை’ எழுதிய மதுரைப் பொன்னுசாமிப் பிள்ளையின் வழியில், 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்துக்கு வாசித்த சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வரை நம் பக்கத்துக்கும் பெருமை உண்டு. பாணிகள் பல, அத்தனைக்கும் அடியில் நின்றது, சுருதி மட்டும் பிடிக்கும் குழலான ஒத்து ஒன்றுதான்.

காமயகவுண்டன்பட்டியில் என் ஆசான், புதிதாக வந்த பிள்ளைக்கு முதலில் ஒத்தைத்தான் கொடுப்பார். விரல் வைத்து வாசிக்கும் துளை அதில் கிடையாது. அடிப்பக்கத் துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி கூட்டுவார். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுக்க வேண்டும். நாதம் ஓர் இழை அறுந்தாலும் அவர் பார்வை நம்மேல் திரும்பும். சாமி புறப்பாட்டில் மல்லாரி முடியும்வரை ஒத்து ஊதி நின்ற பிள்ளைக்குத்தான் மறுநாள் நாகஸ்வரம் கைக்கு வரும். காது அதற்குள் சுருதியில் ஊறியிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆர்னம் நிலத்துப் பழங்குடியினரான யோல்ங்கு மக்களிடமும், கன்னத்தில் காற்றைத் தேக்கி நாதம் அறாமல் ஊதும் இதே மூச்சு இருக்கிறது. கரையான் உள்ளே அரித்த யூகலிப்டஸ் மரத்தை வெட்டி, ஊதுவாய்க்குத் தேன்மெழுகு பூசி, ‘யிடாக்கி’ என்று ஊதுகிறார்கள். உலகம் அதை டிஜெரிடூ என்கிறது. சடங்கில் பாட்டுக்காரர் தாளக்கட்டை தட்டிப் பாட, யிடாக்கி துணை நிற்கும். துணைக் கருவி என்று அவர்கள் அதை ஒதுக்கவில்லை. இன்று அவர்கள் இசைக்கு அடையாளமே அதுதான்.

நாம் என்ன செய்தோம்? ஒத்துக்காரருக்குப் பங்கு கொடுக்க மனமில்லாமல், சுருதிப்பெட்டி போதும் என்றோம். இன்று வாசிப்பவர் எவரையும் குறித்துச் சொல்லவில்லை. திறமைசாலிகள் பலர் இருக்கிறார்கள். ஆனாலும் மின்சாரப் பெட்டி ஒரு பக்கம், சீவாளி ஒரு பக்கம் என்று சுருதி பிரிந்து நிற்பதைக் காது கூசக் கேட்க வேண்டியிருக்கிறது. கீழ்ஸ்தாயியில் நின்று நிதானமாக ராகம் விரிக்க மூச்சில்லை. சினிமாப் பாட்டுக்குத் தாவுகிறார்கள். பெரியவர்கள் எதிரில் வாசிக்கும் அச்சமும் போயிற்று. ஒத்து போன நாளிலேயே பக்தியும் பணிவும் போயின என்றுகூடச் சொல்வேன்.

சங்கப் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் மேடையேறும் ஒவ்வொரு குழுவும் ஓர் ஒத்துக்காரருடன் வரட்டும். அவருக்கும் சமமாகச் சன்மானம் கொடுங்கள், சமமாகப் பொன்னாடை போர்த்துங்கள்.