நேர்மறைச் சிந்தனையும் பிலிப்பியர் நான்காம் அதிகாரமும்

புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் நம் ஆலயங்களில் வழங்கப்பெறும் வாக்குத்தத்த அட்டைகளிலே பிலிப்பியர் நிருபம் நான்காம் அதிகாரத்தின் பதின்மூன்றாம் வசனத்துக்கு நிலையானதோர் இடம் உண்டு. தேர்வுக்குச் செல்லும் மாணவனின் குறிப்பேட்டிலும், புதிதாகத் திறக்கப்பட்ட கடையின் சுவரிலும், நோயாளியின் தலைமாட்டிலும் அவ்வசனத்தையே காண்கிறோம். கிறிஸ்து பெலன் தருவதால் எடுத்த காரியம் எதுவும் கைகூடும் என்பதே அதன் பொருள் என நம்மிற் பலர் பிரசங்கித்தும் வந்திருக்கிறோம். சிறையிலிருந்த ஒரு மனிதரின் சொல், வெற்றிக்கு வழிகாட்டும் வாசகமாக எப்படி மாறிற்று? காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்றை, புராட்டஸ்டண்டுப் போதகர் ஒருவர் எழுதிய ஒரு நூலை, இங்கு ஆராய விழைகிறோம்.

அமெரிக்க நாட்டுப் போதகர் நார்மன் வின்சென்ட் பீல் எழுதிய 'நேர்மறைச் சிந்தனையின் ஆற்றல்' 1952ஆம் ஆண்டில் வெளிவந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விற்பனைப் பட்டியலில் 186 வாரங்கள் அது இடம்பெற்றிருந்தது. அந்நூலை வாசியாதவர்களும் அதன் கருத்தை அறிவார்கள்; பின்வந்த தன்முன்னேற்ற நூல்கள் பலவற்றில் அது ஊடுருவி நிற்கிறது. அமெரிக்காவில் வாழ்ந்து திரும்பிய எம். எஸ். உதயமூர்த்தி தமிழில் எழுதிய 'எண்ணங்கள்' முதலிய நூல்களும் இதை ஒத்த சிந்தனையை நம் இளைஞரிடையே பரப்பின. அவற்றை நாம் இங்கு எடைபோடவில்லை. கிறிஸ்தவ நற்செய்தியையே எடுத்துரைப்பதாக அவை கூறிக்கொள்ளவில்லை. பீலின் நூலோ அவ்வாறு கூறுகிறது. எனவே அதை இறையியல் நோக்கில் வினவுவது நம் கடமையாகிறது.

முதலில் அவருக்குரிய நியாயத்தைச் செய்துவிடுவோம். 1898இல் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் மகனாகப் பிறந்த பீல், 1932இல் நியூயார்க் நகரின் மார்பிள் கொலீஜியேட் ஆலயத்துக்குப் போதகராக வந்தார். 1984 வரை அங்கேயே ஊழியம் செய்தார். அவர் வந்த காலம் பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். வேலையிழந்தோரும், தொழில் முறிந்தோரும், உறக்கமிழந்தோரும் அவரிடம் ஆலோசனை தேடி வந்தனர். அவர்களுக்கு ஜெபமும் புத்திமதியும் மட்டும் போதா என உணர்ந்த அவர், ஸ்மைலி பிளாண்டன் என்னும் மனநல மருத்துவரைத் துணை சேர்த்துக்கொண்டார். பிளாண்டன், வியன்னாவில் சிக்மண்ட் பிராய்டிடமே உளப்பகுப்புக்கு உட்பட்டவர். போதகரும் மருத்துவரும் ஒரே கூரையின் கீழ் இருந்து மக்களின் துயரைக் கேட்டது அந்நாளில் துணிவான முயற்சியே. பீல் தாமும் தாழ்வு மனப்பான்மையால் வருந்தியவர், அதை மறைத்தாரல்லர். ஆகவே அவர் வெறும் வணிகர் என ஒதுக்குவது நேர்மையாகாது.

ஆயின், நூலுக்கு வருவோம். பதினேழு அதிகாரங்களில் முதலாவதன் தலைப்பே, உன்னை நீ நம்பு என்னும் பொருளது. குன்றாத ஆற்றலைப் பெறுவது எப்படி, சிறந்ததை எதிர்பார்த்து அதனை அடைவது எப்படி, பிறர் நம்மை விரும்பச் செய்வது எப்படி என்றெல்லாம் தலைப்புகள் தொடர்கின்றன. தோல்வியில் தமக்கு நம்பிக்கையில்லை என்று அறிவிக்கும் அதிகாரமும் ஒன்று உண்டு. நூலில் வந்துபோகும் மாந்தருட் பலர் விற்பனையாளர்கள், அலுவலக மேலாளர்கள், வணிகர்கள். அவர்கள் சோர்ந்து வருகிறார்கள். ஒரு வசனத்தை அல்லது ஒரு முறையைப் பெற்றுச் செல்கிறார்கள். பின்பு அவர்களின் தொழில் செழிக்கிறது. ஜெபத்துக்கும் ஒரு மூன்று படிச் சூத்திரம் தரப்படுகிறது: ஜெபி, வேண்டியதை மனத்திரையில் படமாகக் காண், அது நனவாகும். பிலிப்பியர் 4:13ஐ நாள்தோறும் பத்து முறை, இயன்றால் வாய்விட்டு, சொல்லுமாறு வாசகர் அறிவுறுத்தப்படுகிறார். ரோமர் 8:31க்கும் இதே பத்து முறைதான். இங்கே திருவசனம் நம்மை நோக்கிப் பேசும் வார்த்தையாக இல்லை. நாம் நமக்குள் செலுத்திக்கொள்ளும் மருந்தாகிவிடுகிறது. கடவுளும் நம்மை அழைத்து நியாயந்தீர்த்து மன்னிக்கும் கர்த்தராக அன்றி, இணைப்புக் கொடுத்தால் பாயும் மின்விசையைப் போலத் தோன்றுகிறார்.

இச்சிந்தனையின் ஊற்று சீர்திருத்தச் சபையின் இறையியல் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினியாஸ் குவிம்பி என்பவர் முதலாக வளர்ந்த 'புதுச் சிந்தனை' இயக்கமே அதன் தாய்வீடு. எண்ணமே காரணம், நிகழ்ச்சி அதன் விளைவு என்பது அவ்வியக்கத்தின் அடிப்படை. பீல் விரும்பி மேற்கோள் காட்டும் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ், 1902இல் வெளியிட்ட தம் சமய அனுபவ ஆய்வில், இதனை 'நலமனத்தின் சமயம்' என வகைப்படுத்தி அனுதாபத்தோடு விவரித்தார். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. தீமை மெய்ம்மையின் ஒரு பகுதியாயிருக்க, அதைக் காண மறுக்கும் சமயம் முழுமையடையாது என்றும் அந்நூலிலேயே தீர்ப்பளித்தார். ஜேம்ஸின் பாதியைப் பீல் எடுத்துக்கொண்டார், மறுபாதியை விட்டுவிட்டார்.

பவுலடியாரிடத்திலும் நேர்ந்தது இதுவே. நூல் நம்பி நிற்கும் அவ்வசனத்தை, அதன் இடத்தில் வைத்து வாசித்துப் பார்ப்போம்.

கிரேக்க மூலத்தில் அவ்வசனம் மிகச் சுருக்கமானது. 'பன்டா இஸ்குவோ' என்பதே அதன் முற்பகுதி. 'அனைத்துக்கும் வலிமையுள்ளவனாயிருக்கிறேன்' என்பது அதன் நேர்ப்பொருள். நாம் பெரிதும் வாசிக்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலுள்ள 'செய்ய' என்னும் சொல்லுக்கு நேரான வினை மூலத்தில் இல்லை. மொழிபெயர்ப்பாளரைக் குறைகூற வேண்டியதில்லை. தமிழ் வாக்கியம் நிறைவுபெற ஒரு வினையை அவர்கள் நாடினர். ஆனால் அவ்வொரு சொல்லால் வசனத்தின் முகமே சற்றுத் திரும்பிவிட்டது. தாங்கும் வலிமை சாதிக்கும் வலிமையாகக் கேட்கிறது. பழமையான கையெழுத்துப் படிகளில் 'கிறிஸ்து' என்னும் பெயரும் அங்கு இல்லை. 'என்னைப் பெலப்படுத்துகிறவரில்' என்றே உள்ளது. அவர் யார் என்பதில் ஐயமில்லை என்றாலும், 'அவரில்' என்னும் வேற்றுமை கவனிக்கத்தக்கது. பவுல் அவருக்குள் இருக்கிறார். அவரைக் கருவியாகக் கொள்ளவில்லை.

இனி 'அனைத்தும்' என்பவை எவை? முந்திய இரு வசனங்களே விடை தருகின்றன: தாழ்வும் வாழ்வும், நிறைவும் பசியும், மிகுதியும் குறைவும். இவற்றுள் ஒன்றை மாற்றி மற்றொன்றை அடையும் ஆற்றலைப் பவுல் பேசவில்லை. பசியிலும் அவர் பெலனுள்ளவர். வேறொரு நாள் நிறைவிலும் பெலனுள்ளவர். நிறைவையும் தாங்க வேண்டியதொன்றாக அவர் எண்ணுவது நம் பிரசங்கங்களில் எளிதில் தப்பிப்போகும் செய்தி. பதினோராம் வசனத்தில் 'மனரம்மியம்' எனத் தமிழாக்கப்பட்டுள்ள நிலைக்கு அவர் வழங்கும் சொல் 'ஔதார்க்கேஸ்'. புறத்தே எதையும் சாராது தன்னில் தானே நிறைந்த ஞானியைக் குறிக்க ஸ்தோயிக்கர் விரும்பிக் கையாண்ட சொல் அது. இவ்வடிவில் புதிய ஏற்பாட்டில் இவ்விடத்தில் மட்டுமே வருகிறது. அச்சொல்லை எடுத்த பவுல், அடுத்த மூச்சிலேயே அதன் உட்பொருளைக் கவிழ்த்துவிடுகிறார்: என் நிறைவு என்னில் இல்லை, என்னைப் பெலப்படுத்துகிறவரில் உண்டு என்கிறார். முதல் அதிகாரத்திலேயே உன்னை நீ நம்பு எனத் தொடங்கும் நூலுக்கு இவ்வசனம் அடித்தளமாவது எங்ஙனம்?

அடுத்த வசனத்தையும் விட்டுவிடலாகாது. 'ஆனாலும்' என்று அது தொடங்குகிறது. நீங்கள் என் உபத்திரவத்தில் பங்குகொண்டது நல்லது என்கிறார் பவுல். எதையும் தாங்கும் பெலன் உண்டென்று சொன்ன வாய்தான், நண்பர்கள் அனுப்பிய உதவிக்கு நன்றி கூறுகிறது. அவ்வுதவியைச் சுமந்து வந்த எப்பாப்பிரோதீத்துவோ வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்தான் என இரண்டாம் அதிகாரம் கூறுகிறது. அவன் விசுவாசம் குன்றிற்று என்றோ, அவன் எண்ணங்கள் தவறின என்றோ பவுல் அங்கு எழுதவில்லை. தேவன் இரங்கினார் என்கிறார். இல்லையேல் தமக்குத் துக்கத்தின்மேல் துக்கம் நேர்ந்திருக்கும் என்றும் ஒளிவின்றி ஒத்துக்கொள்கிறார். மகிழ்ச்சியின் நிருபம் என நாம் அழைக்கும் இந்நிருபத்தில் துக்கத்துக்கும் இடமிருக்கிறது. நற்சிந்தனைக்கு ஆதாரமாகக் காட்டப்பெறும் 4:8இலும், சிந்திக்க வேண்டியவற்றுள் முதலாவதாகப் பவுல் வைப்பது உண்மையானவற்றையே, இன்பமானவற்றை அன்று.

நாம் இதை வலியுறுத்துவது சொல்லாராய்ச்சிக்காக மட்டுமன்று. தோல்வி வரும்போது இப்போதனை யார்மேல் விழுகிறது என்பதே நம் கவலை. எண்ணமே காரணம் என்றால், வேலை கிடைக்காத இளைஞன் தவறாக எண்ணியவனாகிறான். புற்று நோயால் வருந்தும் தாய் போதிய விசுவாசமற்றவளாகிறாள். வேலையில்லாத நாட்டின் பொருளாதாரமும், கூலியைக் குறைத்த முதலாளியும், சாதியின் பெயரால் அடைக்கப்பட்ட கதவும் விசாரணைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. அமெரிக்க எழுத்தாளர் பார்பரா எரன்ரைக், தமக்கு மார்பகப் புற்று நோய் கண்டபோது, மகிழ்ச்சியாக எண்ணுமாறு எல்லாப் புறத்திலிருந்தும் நெருக்கப்பட்டதைக் குறித்து 2009இல் நூலொன்று வெளியிட்டார். அவர் கடவுள் நம்பிக்கையற்றவர். ஆயினும் புலம்பலின் உரிமைக்காக அவர் வாதாடியபோது, சங்கீதக்காரனுக்கு நம்மிற் சிலரைவிட அருகில் நின்றார் எனத் தோன்றுகிறது. 1518இல் ஹைடல்பர்கில் லூத்தர் முன்வைத்த ஆய்வுரைகளில், மகிமையின் இறையியலாளன் தீமையை நன்மை என்கிறான், சிலுவையின் இறையியலாளனோ உள்ளதை உள்ளபடி அழைக்கிறான் என வேறுபடுத்தினார். பீலின் நூலை அளக்க இதனினும் பொருத்தமான அளவுகோலை நாம் அறியோம்.

நேர்மறைச் சிந்தனை மனிதனை அதிகம் உழைக்கச் செய்கிறதல்லவா, பயன் விளைகிறதல்லவா என்று கேட்பார் உண்டு. மன உறுதியும் நம்பிக்கையும் உழைப்புக்குத் துணை என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மனத்திரையில் வெற்றியைப் படமாகக் காண்பது வேறு. உளவியலறிஞர் காப்ரியேல் எட்டிங்கன், தாமஸ் வாடனுடன் 1991இல் வெளியிட்ட ஆய்வில், உடல் எடையைக் குறைக்க முயன்ற பெண்களிடையே, வெற்றியைக் குறித்து இனிய கற்பனைகளில் திளைத்தவர்களே குறைவாக எடை இழந்தனர் எனக் கண்டார். அடைந்துவிட்டதாக மனம் மகிழ்ந்துவிட்டால் முயற்சி தளர்கிறது என்பது அவருடைய விளக்கம். விருப்பத்தோடு தடையையும் சேர்த்து எண்ணுமாறு அவர் பரிந்துரைக்கிறார். நமக்கு இது புதியதன்று. கோபுரம் கட்ட முற்படுகிறவன் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்கிடுவதைக் குறித்து ஆண்டவர் முன்னமே பேசியிருக்கிறார்.

ஊழியரான நமக்கு இக்கேள்வி இன்னும் நெருங்கி வருகிறது. ஆண்டறிக்கையில் ஞானஸ்நானங்களின் எண்ணிக்கை, காணிக்கையின் உயர்வு, கட்டி முடித்த கட்டடங்கள் என்று நம் பணியும் விளைபொருளாகவே அளக்கப்படுகிறது. குறைந்தால் போதகரின் மனநிலையில் கோளாறு என்கிறார்கள். அவரும் அப்படியே நம்பி, சோர்வை மறைத்துப் புன்னகையோடு பீடம் ஏறுகிறார். பீலின் வழிவந்த ராபர்ட் ஷுல்லர் கலிபோர்னியாவில் 1980இல் எழுப்பிய கண்ணாடிப் பேராலயம், 2010இல் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தை நாடி, பின்பு கத்தோலிக்க மறைமாவட்டத்துக்கு விற்கப்பட்டது. ஏளனத்துக்காக இதைக் கூறவில்லை. கட்டடத்தையே கனியாகக் கொண்டால் நேர்வதைக் கூறுகிறோம். பிலிப்பியர் 4:17இல் பவுல் 'கனி' என்னும் சொல்லை வழங்குகிறார். அக்கனி அவருடைய கணக்கில் சேருவதன்று. காணிக்கை அனுப்பிய அந்த எளிய சபையாரின் கணக்கில் பெருகுவது. ஊழியன் சிறையில் செயலற்றிருக்க, சபை கனி தருகிறது.

பீலின் விமரிசகர்களிடத்திலும் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ரைன்ஹோல்ட் நீபர் முதலான அறிஞர்கள் அவரைக் கண்டித்தது முறையே. ஆயினும் அக்கண்டனங்களில் சில, அந்நூலை நாடிய இலட்சக்கணக்கான மக்களின் அச்சத்தைப் பொருட்படுத்தவில்லை. இறையியற் கல்லூரிகளிலும் அத்தகைய இறுமாப்பு இல்லாமலில்லை. நாம் நூலைப் புறந்தள்ளுகிறோம். நம் சபையாரோ அதைத் தலையணையடியில் வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நம் பிரசங்கத்தில் கிடைக்காத ஏதோவொன்று அங்கே கிடைக்கிறது.

பீலின் வாழ்க்கையில் ஒரு நிகழ்ச்சி இங்கு நினைவுக்கு வருகிறது. 1960இல், கத்தோலிக்கரான ஜான் கென்னடி குடியரசுத் தலைவராவதை ஐயுற்ற புராட்டஸ்டண்டுக் குழுவொன்றின் முன்னணியில் நின்று, அவர் கடுமையான கண்டனத்துக்கு ஆளானார். குழுவை விட்டு விலகினார். தம் போதகப் பொறுப்பினின்றும் விலக முன்வந்தார். அவருடைய சபை அதனை ஏற்க மறுத்துவிட்டது. தோல்வியில் நம்பிக்கையில்லை என எழுதியவர் தோற்று நின்றபோது, அவருடைய உபத்திரவத்தில் பங்குகொள்ளச் சபையார் இருந்தனர்.

அடுத்த முறை இவ்வதிகாரத்தின் மேல் அருளுரை ஆயத்தம் செய்யும் மாணவர்கள், பதின்மூன்றாம் வசனத்தைத் தனித்து எடுக்காமல் பத்தாம் வசனம் முதல் இருபதாம் வசனம் முடிய வாசித்து ஆயத்தம் செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். பிரசங்கம் சற்று நீளும், சபையார் பொறுத்துக்கொள்வார்கள்.