கொக்கி ஊசியும் குழந்தைப் போர்வையும்

இன்னும் பிறவாத ஒரு ஜீவனுக்காக, அதன் முகமும் பெயரும் அறியாமலே, ஒருத்தி மாதக்கணக்கில் உட்கார்ந்து போர்வை பின்னுகிறாளே, அதைக் காட்டிலும் பலன் கருதாத கருமம் வேறு உண்டோ என்று எனக்குச் சந்தேகம்.

நுனியில் கொக்கியுள்ள ஒற்றை ஊசியும் ஓர் உருண்டை நூலுமே குரோஷா வேலையின் சகல உபகரணங்களும். கொக்கி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே இக்கலைக்குப் பெயராயிற்று. 1840-களின் கொடிய பஞ்சத்தில் அயர்லாந்தின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கஞ்சி வார்த்ததும், கோதாவரிக் கரையில் நரசாபுரத்துப் பெண்களுக்கு ஜீவனோபாயமாய் அமைந்ததும் இந்தச் சின்னஞ்சிறு கொக்கிதான்.

இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசைக் கண்ணிகள் முழுவதையும் ஊசியிலேயே சுமக்க வேண்டும். இதிலோ பெரும்பாலும் ஒரு கண்ணியே கொக்கியில் நிற்பதால், பிழை நேர்ந்தால் நூலை இழுத்து அவிழ்த்துவிட்டு, சஞ்சலமின்றி மறுபடி தொடங்கலாம். நம் வெயிலுக்குப் பருத்தி நூலே உசிதம். துவாரம் பெரிதானால் பிஞ்சு விரல் சிக்குமாகையால் நெருக்கமான பின்னலே க்ஷேமம்.

கண்ணிகளை எண்ண எண்ண, ஜபமாலை உருட்டுபவரைப்போல மூச்சு நிதானப்பட்டு, சித்தத்தின் அலைகள் தாமாகவே ஓய்கின்றன. இத்தனை பிரயாசையில் உருவான போர்வையைக் குழந்தை முதல் நாளே நனைத்துவிடும். அதைக் கண்டு முதலில் சிரிப்பவளும் பின்னியவளே.